பத்தொன்பது பேரும் ஒரு சீசாவும்

கொரோனா ஊசி வந்த 2021-ஆம் ஆண்டில், அதைக் குத்திக்கொள்வதா வேண்டாமா என்று வீட்டுக்கு வீடு வாதம் நடந்ததை நாம் மறந்துவிடவில்லை. குத்திக்கொண்டவரைக் கண்டு குத்திக்கொள்ளாதவர் அஞ்சினார். குத்திக்கொள்ளாதவரைக் கண்டு குத்திக்கொண்டவர் நகைத்தார். படித்தவர்களில் சிலர், அஞ்சியவர்களை அறிவிலிகள் என்று ஏசவும் செய்தனர். அந்த ஏச்சு நமக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. புதியதொரு மருந்தை உடலுக்குள் செலுத்தப் போகிறோம் என்று ஒருவர் வந்து நிற்கும்போது, இது என்ன மருந்து, இதற்கு முன் யாருக்குக் கொடுத்துப் பார்த்தீர்கள், தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்பது அறிவின்மை ஆகுமா? கேட்பவன் குடிமகன், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் மருந்தோடு வந்தவர். ஆனால், பதில் வந்த பின்னரும் காதைப் பொத்திக்கொள்வது வேறு கதை. அந்தக் கதைக்கு உயிர்களாலேயே விலை கொடுக்க நேரிடுகிறது.

பம்பாய் நகரில் பரேல் என்னும் இடத்தில், பழைய கவர்னர் மாளிகை ஒன்று உண்டு. அது நீண்ட காலமாக ஆராய்ச்சிக்கூடமாக இருந்து வருகிறது. அதன் பெயர் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட். அந்தப் பெயருக்குரிய மனிதரின் வாழ்க்கையை இன்று நினைவூட்ட விரும்புகிறோம். புதிய ஊசியின் நன்மை தீமைகளை எடை போடுவது எப்படி என்பதை அவரைப்போல் அறிந்தவர் அக்காலத்தில் சிலரே. அந்தத் தராசிலேயே அவரை நிறுத்தி, தட்டைச் சாய்த்துவிட்டவர்களும் அக்காலத்தவர்களே!

வால்டெமார் ஹாஃப்கின் 1860-இல் ஒடெஸா துறைமுக நகரில் பிறந்தார். இன்று அது உக்ரைன் நாட்டில் இருக்கிறது. அன்று ஜார் மன்னனின் ஆட்சியில் இருந்தது. யூதக் குடும்பம். யூதனாகப் பிறந்ததே குற்றமென்று கருதப்பட்ட நாடு அது. பல்கலைக்கழகத்தில் மெச்னிகாப் என்னும் பேரறிஞரிடம் உயிரியல் பயின்றார். படிப்போடு நின்றாரா? இல்லை. ஜார் ஆட்சியை எதிர்த்த மாணவர் கூட்டங்களில் கலந்தார். போலீசாரிடம் பலமுறை சிக்கினார். 1881-இல் ஒடெஸாவில் வெறிக்கும்பல் யூதர் வீடுகளைச் சூறையாடியபோது, காக்கப் புறப்பட்ட இளைஞர் அணியில் நின்று காயமுற்றார். சிறையில் கிடந்தவரை மெச்னிகாப் முயன்று மீட்டார். கிறிஸ்தவனாக மாறினால் பேராசிரியர் பதவிக்கு வழி உண்டு என்ற நிலை இருந்தது. ஹாஃப்கின் மாறவில்லை. பதவியும் வரவில்லை.

1888-இல் நாட்டைவிட்டு ஜெனீவா சென்றார். அடுத்த ஆண்டு பாரிஸ். அங்கே பாஸ்டர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? நூலகத்தில் உதவியாளர்! புத்தகம் எடுத்துக் கொடுத்த நேரம் போக, எஞ்சிய நேரமெல்லாம் காலராக் கிருமியோடு கழித்தார். வாந்திபேதி என்று நம் பாட்டனார்கள் பெயர் சொல்லவே நடுங்கிய அந்த நோய், அப்போது உலகையே சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்பெயின் நாட்டில் பெர்ரான் என்னும் மருத்துவர் 1885-இலேயே காலராவுக்கு ஊசி போட்டுப் பார்த்திருந்தார். கணக்கு வழக்கு சரியாக இல்லை, செய்முறையை வெளிப்படையாகச் சொல்லவில்லை என்று அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. ஹாஃப்கின் இதைக் கண் முன்னால் கண்டவர். ஊசி பலித்தால் மட்டும் போதாது, பலித்ததை ஐயமறக் காட்டவும் வேண்டும் என்ற பாடம் அவர் மனத்தில் பதிந்திருக்க வேண்டும்.

1892 ஜூலை 18-ஆம் நாள், தான் தயாரித்த மருந்தை முதலில் தன் உடலில் குத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது, குத்திய இடத்தில் வலி வந்தது, இரண்டும் போயின. பிறகு ருஷ்ய நண்பர்கள் மூவர் முன்வந்தனர். அவர்களும் நலமாகவே இருந்தனர். பாரிஸ் அறிஞர் கழகத்தில் செய்தியை வெளியிட்டார். ஆனால் நோயில்லாத இடத்தில் தடுப்பு மருந்தின் திறனை எப்படி அறிவது? நோய் இருக்கும் இடம் தேடிப் புறப்பட வேண்டும். பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த டபரின் பிரபு, முன்னாள் இந்திய வைஸ்ராய். அவர் ஊக்கத்தால் ஹாஃப்கின் 1893 மார்ச்சில் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

வந்தவரை வரவேற்க மேளதாளம் இல்லை. வெள்ளைக்கார மருத்துவ அதிகாரிகளுக்கு இவர் அயலார். போதாக்குறைக்கு மருத்துவப் பட்டம் இல்லாத விலங்கியல்காரர். மக்களுக்கோ, சர்க்கார் அனுப்பிய துரை. இரு பக்கமும் ஐயம். ஆயினும் கல்கத்தா நகரச் சுகாதார அதிகாரி சிம்ப்ஸன் என்பவர் துணை நின்றார். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம், பின்னால் தேவைப்படும்.

1894-ஆம் ஆண்டில், கட்டல் பகான் என்னும் கல்கத்தாச் சேரியில் காலரா புகுந்தது. ஒரு குளத்தைச் சுற்றிய குடிசைகள். ஏறக்குறைய இருநூறு பேர் வாழ்ந்த அந்த இடத்துக்கு, வங்காள மருத்துவர் சிலரை உடன் அழைத்துக்கொண்டு ஹாஃப்கின் சென்றார். விரும்பியவர்களுக்கு மட்டுமே ஊசி. 116 பேர் குத்திக்கொண்டனர், மற்றவர்கள் மறுத்தனர். ஒரே குளத்து நீர், ஒரே குடிசை, ஒரே சோறு. அதன் பிறகு நோய் கண்டவர்கள் யாவரும் ஊசி குத்திக்கொள்ளாதவர்களே. சேரி மக்கள் அறிவியல் ஏடுகளைப் படித்தவர்கள் அல்லர். எனினும் பக்கத்துக் குடிசையைப் பார்க்கக் கண் இருந்தது. நாம் இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மிரட்டியும் அதட்டியும் நடக்காத காரியம், கண்ணெதிரே தெரிந்த கணக்கால் நடந்தது.

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துக் கூலிகள், படை வீரர்கள், கைதிகள் என்று இரண்டரை ஆண்டுகளில் ஏறத்தாழ 42,000 பேருக்கு அவர் ஊசி குத்தினார். எல்லா இடத்திலும் வெற்றியா? இல்லை. லக்னோவில் படையினரிடையே எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. அதையும் எழுதினார், மருந்தின் வேகம் குறைந்திருந்ததே காரணம் என்று ஆராய்ந்தும் சொன்னார். தோல்வியை மறைக்காதவர் சொல்லும் வெற்றியை நம்பலாம் என்பது நம் கருத்து.

மலேரியாவால் நலிந்து ஐரோப்பா சென்று திரும்பியவருக்கு, அதைவிடக் கொடிய வேலை காத்திருந்தது. 1896 இலையுதிர் காலத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் பிளேக் என்னும் கொள்ளைநோய் தலைகாட்டியது. எலி செத்தது, பின் மனிதன் செத்தான். நகரமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. சர்க்கார் ஹாஃப்கினை அங்கே அனுப்பிற்று. கொடுத்த இடமோ, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் அதையொட்டிய தாழ்வாரமும். உதவிக்கு ஒரு குமாஸ்தா, மூன்று சேவகர்கள். இவ்வளவே!

மூன்றே மாதம். ஆட்டிறைச்சிச் சாற்றில் கிருமியை வளர்த்தார். பசுவோ பன்றியோ கலந்தால் எந்தச் சமயத்தவரும் தொடமாட்டார் என்பதை அறிந்து ஆட்டைத் தேர்ந்தார். சாற்றின்மேல் நெய்த்துளி மிதக்க விட்டார். அந்த நெய்யைப் பற்றிக்கொண்டு கிருமி விழுது விழுதாகக் கீழ்நோக்கி வளர்ந்தது. பிறகு சூடேற்றிக் கிருமியைக் கொன்று, கெடாமல் இருக்கச் சிறிதளவு கார்பாலிக் அமிலம் சேர்த்தார். மருந்து ஆயத்தம். 1897 ஜனவரி 10-ஆம் நாள், பிறருக்குப் பின்னாளில் கொடுத்ததைவிட மும்மடங்குக்கு மேற்பட்ட அளவைத் தன் உடலிலே செலுத்திக்கொண்டார். கடுங்காய்ச்சல் கண்டது, தேறினார்.

அம்மாத இறுதியில் பைகுல்லாச் சிறையில் பிளேக் புகுந்தது. கைதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஊசிக்கு இசைந்தனர். இசையாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் மாண்டனர். ஊசி பெற்றவர்களில் இருவருக்கே நோய், இருவரும் பிழைத்தனர். இங்கே நாம் ஒரு கணம் நிற்க வேண்டியிருக்கிறது. சிறைக் கதவுக்குள் இருப்பவன் இசைந்தான் என்பதற்கு எவ்வளவு பொருள் உண்டு? மறுத்தால் என்ன ஆகுமோ என்று அஞ்சாமல் கையை நீட்டியிருப்பானா? இன்று அப்படியொரு சோதனையை எந்த நாகரிக நாடும் அனுமதியாது, அனுமதிக்கலாகாது. ஹாஃப்கினிடம் நமக்குள்ள மதிப்பு, இதைச் சொல்வதற்குத் தடையாக இருக்கக் கூடாது.

1898-இல் பரோடாவை அடுத்த உந்தேரா கிராமத்தில் நடந்தது இன்னும் துல்லியமானது. வீட்டுக்கு வீடு, குடும்பத்தில் பாதிப்பேருக்கு ஊசி, பாதிப்பேருக்கு இல்லை. ஊசி பெறாத 64 பேரில் 27 பேருக்கு நோய் கண்டு 26 பேர் இறந்தனர். ஊசி பெற்ற 71 பேரில் 8 பேருக்கு நோய். இறந்தவர் 3 பேர். இந்த எண்களை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஊசி முழுக் கவசம் அன்று, மூவர் இறந்தனரே! ஆனால் ஒரே கூரையின் கீழே இருபத்தாறும் மூன்றும்.

இவ்வளவு தெளிவான மருந்தை மக்கள் ஓடோடி வந்து ஏற்றார்களா? சிலர் ஏற்றனர். இளைஞராயிருந்த ஆகாகான் மக்கள் முன்னிலையில் தாமே குத்திக்கொண்டார். அவரைப் பின்பற்றும் கோஜா வகுப்பினர் ஆயிரக்கணக்கில் வந்தனர். ஆனால் பெரும்பாலோர் அஞ்சினர். ஊசியில் நஞ்சு இருக்கிறது, குத்தினால் ஆண்மை போய்விடும், வெள்ளைக்காரன் மக்களைக் கூண்டோடு ஒழிக்கப் பார்க்கிறான் என்றெல்லாம் வதந்தி பரவிற்று.

அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்க்கார் என்ன செய்தது? பூனாவில் வெள்ளைச் சிப்பாய்கள் வீடு புகுந்தார்கள். பெண்டிரைத் தெருவில் நிறுத்திச் சோதித்தார்கள். பண்டபாத்திரங்களை வீசினார்கள், நோயாளியைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். வெறுப்பு முற்றி, பிளேக் அதிகாரி ராண்டை அவ்வாண்டு ஜூன் 22-ஆம் நாள் சபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். திலகர் இராஜத் துரோகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறை சென்றார். நேற்று வாயிற்கதவை உதைத்த கை, இன்று ஊசியை நீட்டினால் அதை எவர் நம்புவார்? ஹாஃப்கின் வற்புறுத்தலை விரும்பாதவர், விருப்பத்தின் பேரிலேயே ஊசி என்பதில் உறுதியாக நின்றவர். ஆனால் ஊசி அவருடையது, ஆட்சியோ வேறொருவருடையது. ஆட்சி சம்பாதித்த பகையில் ஊசிக்கும் பங்கு கிடைத்தது.

எனினும் ஆண்டுக்கு ஆண்டு ஊசி பரவிற்று. 1899-இல் ஆராய்ச்சிக்கூடம் பரேல் மாளிகைக்கு மாறியது. 1902-இல் பஞ்சாப் சர்க்கார் மாகாணம் முழுவதும் ஊசி போடத் திட்டமிட்டு, இலட்சக்கணக்கில் மருந்து கேட்டது. கேட்டதைக் கேட்ட வேகத்தில் கொடுப்பதற்காகப் பரேலில் செய்முறை மாற்றப்பட்டது. விரைவில் தயாராகும் புது வகை; அதில் கார்பாலிக் அமிலம் சேர்க்கவில்லை. சூடேற்றியதே போதும் என்பது ஹாஃப்கினின் கணிப்பு. பாஸ்டர் கூடத்திலும் அம்முறை வழக்கில் இருந்ததே.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் குஜ்ராத் மாவட்டத்து மல்கோவால் கிராமம். அன்று 107 பேர் ஊசி குத்திக்கொண்டார்கள். ஒரு வாரம் சென்றது. தாடை இறுகியது, உடல் வில்லாய் வளைந்தது. இரண ஜன்னி! நோய் கண்டவர் 19 பேர். பத்தொன்பது பேரும் மாண்டனர். அந்தப் பத்தொன்பது பேருக்கும் மருந்து எடுத்தது ஒரே சீசாவிலிருந்து. 53-என் என்று எண்ணிட்ட சீசா. மற்றச் சீசாக்களிலிருந்து குத்திக்கொண்டவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை.

பிளேக்குக்கு அஞ்சி, சர்க்காரை நம்பி, கையை நீட்டியவர்கள் அவர்கள். நோயால் சாகவில்லை, நம்பிக்கையால் செத்தார்கள். இந்த வழக்கைப் பற்றிப் பின்னாளில் எழுதியவர்களில் பலர், விஞ்ஞானிக்கு நேர்ந்த அநீதியை விரிவாக எழுதி, இந்தப் பத்தொன்பது பேரை ஓர் எண்ணாகக் கடந்து போவதைக் காண்கிறோம். நமக்கு அது ஒப்பவில்லை.

பம்பாய்த் தலைமை நீதிபதி ஜெங்கின்ஸ் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. சீசா திறக்கப்படுவதற்கு முன்பே, பரேலிலேயே மாசு புகுந்துவிட்டது என்பது கமிஷனின் முடிவு. கார்பாலிக் அமிலத்தை நீக்கியது பெருங்குற்றமாயிற்று. ஹாஃப்கின் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். 1904-இல் லண்டன் சேர்ந்தார். உலகம் போற்றிய மனிதர் நாற்பத்து நான்காம் வயதில், வேலையற்று, கொலைப்பழி சுமந்து நின்றார்.

ஆனால் கமிஷன் முன்பே இன்னொரு செய்தியும் வந்திருந்தது. அன்று மல்கோவாலில், சீசாவின் தக்கையை எடுக்கும் இடுக்கி தரையில் விழுந்தது. உதவியாளர் அதைத் தீயில் வாட்டவில்லை. கார்பாலிக் நீரில் அலசிவிட்டு, அதனாலேயே தக்கையைப் பிடுங்கினார். இரண ஜன்னிக் கிருமியின் வித்து எங்கே வாழ்கிறது? மண்ணில்! இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சீசா பரேலிலிருந்து வந்து பல வாரம் ஆகியிருந்தது. அத்தனை நாளும் அதற்குள் கிருமி வளர்ந்திருந்தால் நஞ்சு திரண்டிருக்கும்; நோய் விரைவிலேயே கண்டிருக்கும். ஒரு வாரம் தாமதித்துக் கண்டது, வித்துப் புதிதாகப் புகுந்ததையே காட்டுகிறது. கார்பாலிக் சேர்த்திருந்தால் தடுத்திருக்குமா என்றால், அவ்வளவு குறைந்த அளவு இரண ஜன்னி வித்தைக் கொல்லும் ஆற்றல் உடையதன்று.

அப்படியாயின் ஹாஃப்கின் பேரில் குற்றமே இல்லையா? நம் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறோம். பத்தொன்பது பேர் சாவுக்கு அவர் காரணரல்லர். ஆனால் ஆண்டுக்கணக்கில் சோதித்து நிலைநாட்டிய செய்முறையை, அவசரத் தேவைக்காக மாற்றும்போது, மாற்றிய முறையைப் பழைய முறை அளவுக்குச் சோதித்திருக்க வேண்டும். இலட்சம் இலட்சமாய்க் கேட்ட சர்க்காருக்கு, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லும் துணிவு வேண்டியிருந்தது. உந்தேராவில் வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்த மனிதரிடம் இதை எதிர்பார்ப்பது மிகையாகாது.

சர்க்காரோ அந்தக் கேள்வியை அப்படிக் கேட்கவில்லை. கிராமத்தில் நடந்த பிழை என்றால், பழி ஊசிப் படையை நடத்திய தன் தலையில் விழும். ஆராய்ச்சிக்கூடத்துப் பிழை என்றால், ருஷ்யாவிலிருந்து வந்த பட்டமில்லாத யூதர் ஒருவரோடு போய்விடும். எது எளிது? ஜார் நாட்டிலே குலத்துக்காகப் பதவி இழந்தவர், பிரிட்டிஷ் சாம்ராச்சியத்திலே யாருடைய வசதிக்காகவோ பதவி இழந்தார்.

அவருக்காக வாதாட வந்தவர்களில் ஒருவர் கல்கத்தாவில் துணை நின்ற அதே சிம்ப்ஸன். அப்போது லண்டனில் பேராசிரியர். மற்றொருவர், மலேரியா கொசுவால் பரவுவதைக் கண்டு 1902-இல் நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ். ஆவணங்களைத் துருவித் துருவி ஆராய்ந்து, கமிஷன் முடிவு நிலைக்காது என்று அறிஞர் பதின்மர் கையொப்பமிட்ட கடிதம், 1907 ஜூலையில் லண்டன் டைம்ஸ் ஏட்டில் வந்தது. அவ்வாண்டு இறுதியில் ஹாஃப்கின் மீதிருந்த பழி நீங்கிற்று. ஐந்தாண்டு!

அந்த ஐந்தாண்டில் பஞ்சாபில் நடந்தது என்ன? மல்கோவால் செய்தி காட்டுத்தீயாய்ப் பரவிற்று. ஊசித் திட்டம் சரிந்தது. பிளேக் சரியவில்லை. 1907-ஆம் ஆண்டில் மட்டும் பஞ்சாபில் மாண்டவர் ஆறு இலட்சத்துக்கு மேல். அத்தனை பேரையும் ஊசி காத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. அது காய்ச்சலையும் வலியையும் கொடுத்த மருந்து. அன்றாடங் காய்ச்சிக்கு இரண்டு நாள் கூலி போகும். காப்பும் சில மாதங்களுக்கே. ஆயினும் உந்தேராவின் இருபத்தாறையும் மூன்றையும் நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. ஓர் இடுக்கி கீழே விழுந்ததால் மாண்டவர் பத்தொன்பது பேர். விழுந்ததை அன்றே ஊரறியச் சொல்லித் திருத்தாததால் மாண்டவர் எத்தனை பேரோ!

ஒப்பிட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். 1955 ஏப்ரலில் அமெரிக்காவில் போலியோ ஊசி வெளிவந்த சில நாட்களில், ஒரு கம்பெனியின் மருந்தில் உயிருள்ள கிருமி எஞ்சியிருந்ததால், குழந்தைகளின் கை கால்கள் முடமாயின. பத்துப் பேர் இறந்தனர். அங்கே அந்தக் கம்பெனி மருந்தை உடனே நிறுத்தினார்கள். எல்லாக் கம்பெனிகளின் செய்முறையையும் மறுபடி சோதித்தார்கள், விதிகளை இறுக்கினார்கள், பின்னர் ஊசியைத் தொடர்ந்தார்கள். மக்களும் திரும்பி வந்தார்கள். அந்நாட்டு அரசின் செய்கைகள் பலவற்றில் நமக்குக் கருத்து வேற்றுமை உண்டு, இதில் இல்லை.

ஹாஃப்கின் மீண்டும் இந்தியா வந்தார். ஆனால் பரேலுக்கு அன்று; அவர் உருவாக்கிய கூடத்தின் தலைமை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் கொடுத்தார்கள். மக்களிடையே சோதனை நடத்தும் அதிகாரம் இல்லை. ஊர் ஊராகச் சென்று வீட்டுக்கு வீடு எண்ணியவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். 1914-இல் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார். மணம் புரிந்துகொள்ளவில்லை. முதிய வயதில் தம் குலத்துச் சமய நெறியில் ஆழ்ந்தார். சேர்த்த பொருளைக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்த யூத வேதப் பள்ளிகளுக்கென்று ஒரு நிதியாக எழுதி வைத்தார்.

1925-இல் பரேல் கூடத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். 1930 அக்டோபர் 26-ஆம் நாள் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். சுதந்தர இந்தியா 1964-இல் அவர் உருவத்தோடு ஓர் அஞ்சல் தலை வெளியிட்டது.